மட்டாஞ்சேரி யூதத் தெருவைத் தெற்கிலிருந்து நடந்து பாருங்கள்

கொச்சிக்கு இரண்டு நாள் பயணமாகக் குடும்பத்துடன் செல்லவிருப்பதாகவும், மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்கு அரை நாள் ஒதுக்கியிருப்பதாகவும், அதற்கு வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது தேவைதானா, அங்கே எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழிகாட்டி தேவை என்பதே என் பதில். ஆனால் யாரை அமர்த்துகிறீர்கள் என்பதைவிட, அவர் உங்களை எந்த முனையிலிருந்து நடத்திச் செல்கிறார் என்பது முக்கியம். பெரும்பாலான வழிகாட்டிகள் தெருவின் வட முனையில் உள்ள, பரதேசி ஜெப ஆலயம் என்ற யூத வழிபாட்டிடத்தையும் அதன் மணிக்கூண்டையும் அருகிலுள்ள அரண்மனையையும் காட்டிவிட்டுக் கடைகளின் பக்கம் திருப்பிவிடுவார்கள். அவ்வளவில் திரும்பிவிட்டால், கொச்சி யூதர்களில் மிகச் சிறிய ஒரு பகுதியினரின் வரலாற்றை மட்டுமே பார்த்தவர்களாக வீடு திரும்புவீர்கள்.

யூதத் தெரு என்பது வடக்கு தெற்காகச் செல்லும் ஒரே தெருதான். ஒரு காலத்தில் அந்த ஒரே தெருவில் மூன்று ஜெப ஆலயங்கள் இருந்தன. வட முனையில் பரதேசி, இடையில் தெக்கும்பாகம், தென்முனையில் கடவும்பாகம். ‘பரதேசி’ என்ற சொல்லை நாம் இரந்துண்பவரைக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். அங்கே அது பிற தேசத்திலிருந்து வந்தவர் என்ற பழைய பொருளிலேயே நிலைத்திருக்கிறது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களும், அலெப்போ, பாக்தாத் போன்ற நகரங்களிலிருந்து வணிகத்துக்காக வந்தவர்களும் பரதேசி யூதர் எனப்பட்டனர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே கேரளக் கரையில் வாழ்ந்து, மலையாளமே தாய்மொழியாகக் கொண்டிருந்தவர்கள் மலபார் யூதர்கள். எண்ணிக்கையில் மிகுதியானவர்கள் இவர்களே. கடவும்பாகமும் தெக்கும்பாகமும் இவர்களுடையவை. ஐரோப்பியப் பயணிகள் இவ்விரு பிரிவினரையும் ‘வெள்ளை யூதர்’, ‘கறுப்பு யூதர்’ என்று பிரித்து எழுதினார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் சில வழிகாட்டிகளின் வாயிலிருந்து வருகின்றன. மலபார் யூதர்கள் விரும்பாத பெயர் அது என்பதால், நாமும் அதைத் தவிர்ப்பதே முறை.

ஆகவே நடையைத் தென்முனையிலிருந்து தொடங்குங்கள். அங்கே உங்களுக்குக் காணக் கிடைப்பது சிதைந்துபோன ஒரு கட்டடம். கடவும்பாகம் ஜெப ஆலயம் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது, பரதேசி ஆலயத்தைவிடப் பழமையானது. கடவு என்றால் துறை. துறைப் பக்கத்து ஆலயம் என்பது பெயரின் பொருள். 1950களில் அதன் மக்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு கட்டடம் கைமாறிச் சரக்குக் கிடங்காகப் பயன்பட்டு, 2019ஆம் ஆண்டு மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஆனால் அதன் உள்ளழகு அழியவில்லை. செதுக்கு வேலைப்பாடு மிக்க மர விதானமும் உட்புறப் பகுதிகளும் 1990களில் இங்கிருந்து கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு, எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் ஒரு முழுக் கூடமாக மீண்டும் அமைக்கப்பட்டிருக்கின்றன. தாமரையும் பூக்கொடிகளும் செதுக்கப்பட்ட அந்த விதானத்தின் படத்தைக் கைபேசியில் எடுத்துச் சென்று, அந்த இடிந்த சுவருக்கு எதிரே நின்று பாருங்கள். கேரளக் கோயில் தச்சர்களின் கைவேலை அது என்று யாரும் சொல்லாமலே விளங்கும். ஓர் ஆலயத்தின் ஓடு இங்கேயும் உயிர் வேறொரு நாட்டிலும் இருக்கிறது. நம் அரசுகளில் ஒன்றாவது உரிய காலத்தில் இதை மீட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம், அங்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது.

அங்கிருந்து வடக்கே நடக்கும்போது தெக்கும்பாகம் இருந்த இடத்தைக் கடப்பீர்கள். அந்த ஆலயம் முற்றிலும் இடிக்கப்பட்டு இன்று அங்கே ஒரு குடியிருப்பு நிற்கிறது. நல்ல வழிகாட்டி அந்த இடத்தில் ஒரு நிமிடமாவது நிற்பார். தெருவின் இருமருங்கும் உள்ள பழைய வீடுகளின் அமைப்பையும் கவனியுங்கள். கீழ்த்தளம் கடையாகவோ கிடங்காகவோ இருக்க, குடும்பம் மேல்தளத்தில் வாழ்ந்தது. சில சன்னல் கம்பிகளில் ஆறுமுனை விண்மீன் வடிவத்தைக் காணலாம். மிளகு, சுக்கு, ஏலம் இவற்றின் மணம் இன்னும் சில கிடங்குகளிலிருந்து வருகிறது. மிளகுக்கான முன்பேர வணிகம் கூவி விலை பேசும் முறையில் நெடுங்காலம் நடந்த வணிகர் சங்கத்தின் கட்டடமும் இந்தத் தெருவிலேயே இருக்கிறது. யூதர்கள் இங்கு வந்ததும் தங்கியதும் இந்தச் சரக்குகளால்தான் என்பதால், பழம்பொருள் கடைகளைவிட இந்தக் கிடங்குகள் வரலாற்றுக்கு நெருக்கமானவை. பழம்பொருள் கடைகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவற்றில் பெரும்பாலானவை யூதர்கள் சென்ற பிறகு வெளியிலிருந்து வந்த வணிகர்கள் நடத்துபவை. ‘பழைய யூத வீட்டுப் பொருள்’ என்று சொல்லி விற்கப்படுபவற்றை அந்தச் சொல்லை நம்பி வாங்காதீர்கள்.

இந்த மக்கள் இங்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை, நடையின் இந்தப் பகுதியிலேயே வழிகாட்டி சொல்லியாக வேண்டும். சாலமோன் மன்னனின் கப்பல்களோடு வந்தார்கள் என்றும், எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிக்கப்பட்டபின் பல்லாயிரவராக வந்து கொடுங்கல்லூரில் இறங்கினார்கள் என்றும் மரபுக் கதைகள் உண்டு. சாலமோனுக்குக் கப்பலில் வந்த பொருள்களைச் சொல்லும் எபிரேய வேதப் பகுதியில் மயிலைக் குறிக்க வரும் ‘துக்கி’ என்ற சொல், நம் ‘தோகை’யிலிருந்து சென்றது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். அது இரு கரைகளுக்கும் இடையே இருந்த வணிகத்துக்குச் சான்றாகலாமே தவிர, குடியேற்றத்துக்குச் சான்றாகாது. உறுதியான சான்று என்று நாம் கையில் பிடிக்கக்கூடியது ஏறத்தாழ கி.பி. 1000ஐச் சேர்ந்த செப்பேடுதான்.

தமிழ் வாசிப்பவர்கள் இந்தச் செப்பேட்டைப் பற்றிக் கூடுதலாக அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்தபோது, யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய சாசனம் அது. கிரந்த எழுத்துகள் கலந்த வட்டெழுத்தில், மலையாளம் தமிழிலிருந்து தனித்துப் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழியில் எழுதப்பட்டிருப்பதால், அதன் வாசகம் பெரும்பகுதி நமக்கு அகராதி இல்லாமலே புரியும். ரப்பானின் பெயர் ‘ஈசுப்பு இறப்பான்’ என்று நம் நாவுக்கேற்ப எழுதப்பட்டிருக்கிறது. அவனுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும், பகல் விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம் முதலான எழுபத்திரண்டு ‘வீடுபேறு’களும், அதாவது சிறப்புரிமைகளும், அளிக்கப்பட்டன, சுங்கமும் சரக்கை எடைபோடுவதற்கான துலாக்கூலியும் விலக்கப்பட்டன. பாவாடை என்பது இங்கே நடந்து செல்வதற்காகத் தரையில் விரிக்கும் துணி. பகலிலும் முன்னால் விளக்குப் பிடித்துச் செல்வது பெருமக்களுக்கு மட்டுமே உரிய சிறப்பு. உலகும் சந்திரனும் உள்ள காலம்வரை இந்த உரிமை அவன் வழியினருக்குத் தொடரும் என்று சாசனம் கூறுகிறது. கடல் கடந்து வந்த ஒரு சமயத்தவர், உள்ளூர்ப் பெருமக்களுக்குரிய மதிப்பைத் தம் வழிபாட்டை விட்டுக்கொடுக்காமலே பெற்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அஞ்சுவண்ணம் என்ற பெயர் தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் வருகிறது. மூலச் செப்பேடுகள் பரதேசி ஆலயத்தின் பாதுகாப்பில் உள்ளன. 2017ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் இஸ்ரேலுக்குச் சென்றபோது, கேரளத்துச் செப்பேடுகளின் படிகளையே அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாக அளித்தார்.

கொடுங்கல்லூரில் இருந்த குடியிருப்பு 16ஆம் நூற்றாண்டில் அழிந்தது. 1524இல் நடந்த தாக்குதலும் பின்னர் போர்த்துக்கீசியரின் நெருக்கடியும் யூதர்களைத் தெற்கே கொச்சிக்குத் தள்ளின. கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு நிலம் அளித்தார். அந்த நிலத்தில் எழுந்ததுதான் இந்தத் தெரு. அதன் வட முனையை நீங்கள் அடையும்போது, மன்னரின் அரண்மனையும் அதன் பகவதி கோயிலும் பரதேசி ஜெப ஆலயமும் மதிலோடு மதிலாக நிற்பதைக் காண்பீர்கள். கோட்டைக் கொச்சி போர்த்துக்கீசியர் கையில் இருந்த காலத்தில், யூதர்கள் மன்னரின் சுவருக்கு இந்தப் புறத்தில் இருந்ததே அவர்களுடைய பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பும் ஒருமுறை தவறியது. 1662இல் டச்சுக்காரர்களின் முதல் முற்றுகை தோற்றபோது, அவர்களுக்குத் துணைநின்றதற்காக யூதர்களைப் போர்த்துக்கீசியர் தாக்கி ஆலயத்தைப் பாழாக்கினர். 1663இல் கொச்சி டச்சுக்காரர் வசமானதும் ஆலயம் செப்பனிடப்பட்டது.

பரதேசி ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. உள்ளே செல்வதற்கு முன்பு மணிக்கூண்டைப் பாருங்கள். 1760இல் எசேக்கியேல் ரகாபி எழுப்பியது அது. அதன் முகப்புகளில் எபிரேயம், ரோமானியம், மலையாளம் என்று வெவ்வேறு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வழிபட வருபவர், வணிகத்துக்கு வரும் ஐரோப்பியர், உள்ளூரார் என்று ஒவ்வொருவரும் தத்தம் எழுத்தில் நேரம் அறிந்துகொண்டனர். ரகாபி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வணிகராகப் பல பத்தாண்டுகள் இருந்தவர், கேரள மன்னர்களிடம் தூதராகவும் சென்றவர். ஆலயத் தரையில் பதிக்கப்பட்ட, நீல நிறத்தில் கையால் தீட்டிய சீனப் பீங்கான் ஓடுகளைக் காண்டன் நகரிலிருந்து 1762இல் வரவழைத்தவரும் இவரே. ஏறத்தாழ 1,100 ஓடுகள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்று ஒவ்வொரு வழிகாட்டியும் சொல்வார். குனிந்து உற்றுப் பார்த்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருவதையும், தூரிகையின் கைப்போக்கு மட்டும் ஓட்டுக்கு ஓடு மாறுவதையும் நீங்களே கண்டுகொள்ளலாம். பிள்ளைகளை அழைத்துச் சென்றால் இந்த ஒப்புநோக்கும் வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஆலயத்தின் உள்ளமைப்பில் மூன்றை விட்டுவிடக் கூடாது. முதலாவது, வாயிலிலிருந்து வழிபாட்டுக் கூடம்வரை செல்லும் முறை. வாயிற்கட்டடம், முற்றம், முன்னறை, அதன் பின் கூடம் என்று படிப்படியாக உள்ளே செல்லும் ஒழுங்கு கேரளக் கோயிலையும் நாலுகட்டு வீட்டையும் நினைவூட்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். உலகின் மற்ற நாட்டு ஜெப ஆலயங்களில் இந்த வழக்கத்தைக் காண்பது அரிது. இரண்டாவது, யூத மறைநூலான தோராவின் சுருளை வாசிக்கும் மேடை. பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை கூடத்தின் நடுவில் ஒன்று இருக்க, மேலே மாடத்தில் இன்னொன்று இருக்கிறது. பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னாலேயே அமைந்த இந்த இரண்டாம் மேடை கேரள ஜெப ஆலயங்களுக்கே உரியது. ஓய்வுநாளிலும் திருவிழாக்களிலும் தோரா அங்கிருந்தே வாசிக்கப்பட்டது. மூன்றாவதை, முற்றத்துச் சுவரில் பதித்த ஒரு கல்லில் காணலாம். கொச்சங்காடியில் 1344இல் எழுந்து பிறகு மறைந்துபோன ஓர் ஆலயத்தின் எபிரேயக் கல்வெட்டு அது. இந்தத் தெரு தோன்றுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே கொச்சியில் யூதர்கள் வழிபட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. வருபவர்களில் பெரும்பாலோர் தொங்கும் படிக விளக்குகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இந்தக் கல்லைக் கடந்துவிடுகிறார்கள்.

வழிகாட்டி சொல்லத் தயங்கும் ஒரு செய்தியையும் இங்கேதான் கேட்க வேண்டும். பரதேசி யூதர்கள் மலபார் யூதர்களோடு மண உறவு கொள்ளவில்லை. தங்கள் ஆலயத்தில் அவர்களைச் சமமாக நடத்தவும் இல்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியில் வந்து பரதேசி சமூகத்தைச் சார்ந்திருந்த ‘மெசுகரார்’ பிரிவினரின் நிலை அதைவிடத் தாழ்வு. அவர்கள் கூடத்தில் மற்றவர்களோடு இருக்கையில் அமர முடியாது, தோரா வாசிக்க அழைக்கப்பட மாட்டார்கள். கெய்ரோவில் இருந்த பெரும் சமய அறிஞர் தாவீது இப்னு ஸிம்ரா, முறைப்படி விடுவிக்கப்பட்டுச் சடங்கு முழுக்கும் பெற்றவர்கள் முழு யூதர்களே, அவர்களை மணப்பதில் தடையில்லை என்று 16ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பு எழுதியிருந்தும், கொச்சியில் அது ஏற்கப்படவில்லை. சாதி என்ற நோய் யூதச் சட்டத்தில் இல்லை. இந்த மண்ணில் வாழ்ந்த யூதர்களிடம் இருந்தது. அதை எதிர்த்து 20ஆம் நூற்றாண்டில் போராடியவர் ஆபிரகாம் பாரக் சேலம். 1882இல் மெசுகரார் குடும்பமொன்றில் பிறந்து, வழக்கறிஞராகவும் கொச்சி சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கி, காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி இந்த ஆலயத்துக்குள்ளேயே அறப்போர் நடத்தியவர். ‘யூத காந்தி’ என்றே அவரைச் சொல்வார்கள். தடைகள் சிறுகச் சிறுக விலகின. 1950இல் அவருடைய மகனுக்கும் பரதேசி குடும்பத்துப் பெண்ணுக்கும் நடந்த திருமணத்தைக் கொச்சியில் நடத்த இயலாமல் பம்பாயில் நடத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்து, மாற்றம் எவ்வளவு மெதுவாக வந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். ஒட்டுமொத்த இணக்கத்தின் கதையாக மட்டும் இந்தத் தெருவைச் சொல்பவர் சேலத்தை மறந்தவர். கொச்சி மன்னரும் அக்கம்பக்கத்து மக்களும் யூதர்களைத் துன்புறுத்தவில்லை என்பதும் உண்மை, யூதர்கள் தமக்குள் ஏற்றத்தாழ்வு பேணினார்கள் என்பதும் உண்மை.

அவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழும். யாரும் துரத்தவில்லை. 1948இல் இஸ்ரேல் உருவானபோது கொச்சி யூதர்கள் ஏறத்தாழ 2,400 பேர் இருந்தனர். நாள்தோறும் எருசலேமை நோக்கித் தொழுத மக்கள், அங்கே போகலாம் என்ற நிலை வந்ததும் புறப்பட்டார்கள். யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற இஸ்ரேலிய அதிகாரிகளின் அச்சத்தால் சில ஆண்டுகள் காக்க வைக்கப்பட்டு, 1954, 1955 ஆண்டுகளில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் ஊர் ஊராகச் சென்றுவிட்டனர். நெவாத்திம், மெசிலாத் சியோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் அவர்கள் வழியினர் இன்று வாழ்கிறார்கள். பரதேசி யூதர்கள் சொத்தும் தொழிலும் இங்கே வேரூன்றியிருந்ததால் மெல்ல மெல்லச் சென்றனர். 1968இல் ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. அந்த விழாவுக்குப் பிறகு, பொது வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்கள் சேர்வதே அரிதாகிப்போனது. தெருவில் எல்லோரும் அறிந்த கைத்தையல் கடையை நடத்திவந்த மூதாட்டி 2019இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் அவரைத் தாயாக எண்ணிக் கவனித்துக்கொண்டவர் அயலில் வளர்ந்த ஒரு முஸ்லிம். இன்று தெருவில் எஞ்சியிருப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ‘இங்கே இன்னும் யூதர் யாராவது இருக்கிறார்களா, பார்க்க முடியுமா’ என்று வழிகாட்டியிடம் கேட்காதீர்கள். அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர்; மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு முதியவர் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கலாம்.

நேரம் இருந்தால் தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்து நெகேமியா மோத்தாவின் கல்லறைக்கும் செல்லுங்கள். 1615இல் இறந்த இந்த எபிரேயக் கவிஞரை யூதர்கள் ஞானியாகப் போற்றினார்கள். அவர்கள் சென்ற பிறகும் இந்துக்களும் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ந்துகொள்கிறார்கள். சுற்றியிருந்த பழைய இடுகாடு வீடுகளுக்குள் மறைந்துவிட்டது. இந்த ஒரு கல்லறை மட்டும் மக்களின் நம்பிக்கையால் தப்பியது.

இனி நடைமுறைச் செய்திகள். வெள்ளி, சனி இரு நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். ஆலயம் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பின் திறந்திருக்காது, சனிக்கிழமை ஓய்வுநாள், அரண்மனை வெள்ளியன்று விடுமுறை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் யூதத் திருநாள்கள் வருவதால் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குத் தென்முனையில் தொடங்கினால் பத்து மணியளவில் ஆலயக் கதவு திறக்கும்போது அங்கே இருப்பீர்கள்; பேருந்துகளில் வரும் கூட்டம் அதன் பிறகுதான் சேரும். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும். வழிகாட்டியை அமர்த்தும் முன்பு, ‘கடவும்பாகம்வரை கூட்டிச் செல்வீர்களா’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பெயரையே கேள்விப்படாதவர் என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.

பிற்பகலில் எறணாகுளத்துக்குப் படகில் திரும்பினால் மார்க்கெட் சாலைக்குச் செல்லுங்கள். பூச்செடிகளும் வண்ண மீன்களும் விற்கும் ஒரு கடையின் வழியாக உள்ளே போனால் இன்னொரு கடவும்பாகம் ஜெப ஆலயம் இருக்கிறது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகத்தின் உடன்பிறப்பு போன்ற மலபார் யூதர்களின் ஆலயம் அது. 1970களில் வழிபாடு நின்றுபோன அந்தக் கட்டடத்தைப் பேணிக் காத்தவர் அந்தக் கடையை நடத்தும் மலபார் யூதரே. தோரா சுருள்களை வைக்கும், செதுக்கு வேலைப்பாடுள்ள பேழையும் மேல்மாடத்து மேடையும் அங்கே அவற்றுக்குரிய இடத்திலேயே நிற்கின்றன. காலையில் இடிபாட்டுக்கு எதிரே நின்று கைபேசிப் படத்தில் பார்த்ததை, மாலையில் மரத்திலேயே கண்டுவிடலாம்.